இரண்டாவதாக வர ஆசைப்பட்டவர்

என் அக்காவின் கணவர் மோட்டார் சைக்கிள் றேஸில் முதலாவதாக வந்த அன்று, கழுத்தில் போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல், சாப்பிடாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இணுவிலில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அவரைப் பார்க்க வந்து நின்றது. "களைச்சுப்போனார்" என்று அக்கா படலையில் நின்று சொல்லிச் சொல்லி அனுப்பினாள். அவருக்கு ஒரு களைப்பும் இல்லை. துக்கம்.

நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். யாழ்ப்பாணம் ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கிற கிளாக்கராக இருந்தார். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. அம்மா அப்போது இல்லை. அப்பு என்று நாங்கள் கூப்பிடும், புகையிலைத் தோட்டம் செய்த தகப்பனார், அக்கா, அத்தான், புதிதாகப் படிப்பிக்கப் போய்வந்த நான், நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அத்தானைப் போல் நிதானமான மனிதரை நான் கண்டதில்லை. சித்திரை வெயிலிலும் குடையோடு போவார், மழை வந்தால் என்ன செய்வதென்று. கிணற்றில் வாளியை விடுமுன் கயிற்றை முழத்துக்கு முழம் தடவிப் பார்ப்பார். தேர் இழுக்கும்போது வடத்தின் நடுவில்தான் கை வைப்பார். முன்னுக்கு நின்றால் இழுவை, பின்னுக்கு நின்றால் சில்லு என்பார். கலியாண வீட்டில் முதற் பந்தியில் இருக்கமாட்டார்.

"முதல் பந்தியிலை கறிக்கு உப்புப் பார்த்திருக்க மாட்டாங்கள். கடைசிப் பந்தியிலை கறியே இராது. இரண்டாம் பந்திதான் எங்களுக்குச் சரி" என்று எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினார். "எல்லாத்திலையும் எங்களுக்கெண்டு ஒரு வகுப்பு இருக்கு, மச்சாள். அதைக் கண்டுபிடிச்சு ஏறி இருந்தால் சீவியம் ஆறுதலாப் போகும்."

மூன்று வகுப்புப் பெட்டிகளுக்கும் நாள் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதருக்கு உலகம் அப்படித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், அவர் ஒருநாள் முற்றவெளிக் காணிவேலுக்குப் போய்விட்டு வந்து, பிட்டைக் குழைத்துக்கொண்டே, "எனக்கும் அந்த மோட்டார் சைக்கிள் றேஸ் ஒருக்கா ஓடிப் பார்க்க விருப்பம்" என்று சொன்னதுதான்.

அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது. பிறகு பயம் வந்து, அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்பு சாப்பாட்டுக் கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வேறொருவராக இருந்தால் அடுத்த மாதமே கடன்பட்டு ஒரு மெசினை வாங்கி, அதற்கடுத்த மாதம் கை முறிந்து படுத்திருப்பார். அத்தான் ஒரு வருடம் யோசித்தார். யோசித்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புவின் முன்னால் வந்து நின்று வலது கையை விரித்தார். கணக்கை அவர் ஒருநாளும் எழுதிவைப்பதில்லை, விரல்களில் வைத்திருப்பார்.

"பெருவிரல் மெசின், மாமா. ஒருக்காத்தான் செலவு. சுட்டுவிரல் பெற்றோலும் எண்ணெயும். நடுவிரல் தேயிற சாமான்: டயர், செயின், பிரேக் கட்டை. மோதிரவிரல் றேஸுக்குக் கட்டுற காசும் அண்டைக்குச் சாப்பாடும். சுண்டுவிரல் விழுகைக்கு."

"என்னத்துக்கு?"

"விழுகைக்கு. விழுந்தால் மருந்து, கட்டு, சம்பளமில்லாத லீவு. முதல்லை அதுக்குக் காசை ஒதுக்கிப்போட்டுத்தான் மற்ற விரலுக்குப் போறது."

அப்பு அவரை மேலும் கீழும் பார்த்தார். "விழுறதுக்குக் காசு சேர்த்து வைச்சுக்கொண்டு ஏறுற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன், தம்பி. ஏறாமல் விட்டால் முழுக்காசும் மிச்சமெல்லோ?"

"அது எனக்கும் விளங்குது, மாமா. ஆனா விருப்பமாக் கிடக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவருடைய முகம் சிவந்துவிட்டது. விருப்பம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு. "ஒரு கைக்குள்ளை அடங்காட்டி அது விருப்பமில்லை, வருத்தம்" என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். வருத்தம் என்றால் எங்களூரில் நோய்.

மெசின் தேடியபோது பட்டணத்துக் கராச்சில் பெரிய ஐந்நூறு சி.சி. மெசின் ஒன்றைத் துடைத்து நிறுத்திக் காட்டினார்கள். அத்தான் அதைச் சுற்றி வந்தார். "யானையை வாங்கலாம். பிறகு நெடுக ஓலை ஆர் வெட்டுறது?" என்று கேட்டுவிட்டு, மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போன, காணி அளக்கிற சேவையர் ஒருவரின் பழைய இருநூற்றைம்பது சி.சி. மெசினை வாங்கி வந்தார். கிளப்பினால் ஆட்டுக்குச் சளி பிடித்ததுபோல் ஒரு சத்தம் வரும். ஆனால் நின்றுபோகாது.

றேஸை நடத்திய சங்கத்தில் பிரக்கிராசி ஒருவர்தான் பெயர் பதிகிறவர். கோட்டில் வழக்குப் பேசாத நேரங்களில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவார். அவர் முன்னால் அத்தான் நின்ற நிலையைக் கூடப் போன சூசை பிறகு எங்களுக்கு நடித்துக் காட்டினான். சூசை குருநகர் ஆள், மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளை, பருத்தித்துறை பஸ் ஓட்டுகிறவன். பஸ் முதலாளியின் மெசினை இரவல் வாங்கி ஓடுவான். றேஸ் ஓட்டத்தில் அவனுக்கு நிகரானவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அத்தானுக்கு அவன் எப்படியோ சிநேகிதனாகியிருந்தான்.

"எந்த வகுப்பு?" என்று பிரக்கிராசியார் கேட்டிருக்கிறார்.

"என்னென்ன வகுப்பு இருக்கு, ஐயா?"

"இருநூற்றைம்பது, முந்நூற்றைம்பது, ஐந்நூறு. எந்த மெசினும் ஓடக்கூடிய திறந்த வகுப்பு. சின்ன மெசினோடை புதுசா வாறவைக்குப் புதியவர் வகுப்பு."

"புதியவர் வகுப்பிலை ஆர் ஆர் ஓடுகினம்? என்ன வயசு? கலியாணம் முடிச்சவையோ?"

"கலியாணம் முடிச்சால் என்ன, முடிக்காட்டி என்ன?"

"முடிக்காதவை கெதியாப் போவினம், ஐயா."

பிரக்கிராசியார் பேனையை வைத்துவிட்டு, "எல்லாரும் திறந்த வகுப்பிலை ஓடத்தான் ஆசைப்படுகினம், கிளாக்கர். சனம் கைதட்டுறது அதுக்குத்தான்" என்றாராம். "மூண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்தவனும் அதே கோச்சியிலைதான் வந்து இறங்குறான்" என்று சொல்லிவிட்டு அத்தான் புதியவர் வகுப்பில் பெயரைப் பதிந்தார்.

முதல் றேஸை நானும் அக்காவும் கூடார வண்டிக்குள் இருந்து பார்த்தோம். தார்ப் பீப்பாக்களை வட்டமாக அடுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அத்தான் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, கை காட்டித் திரும்பினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசிக்கு முதல் ஆளாக வந்தார். கடைசி ஆளின் மெசின் நின்றுபோய் அவர் தள்ளிக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மூலைக்கு மூலை பிடிச்சால் பிரேக் கட்டை தேயாதோ, கிளாக்கர் ஐயா?" என்று சூசை கேட்டான்.

"அது நடுவிரல். தேயட்டும். சுண்டுவிரலிலை கை வைக்கேல்லை, பார்த்தியோ?" அத்தானின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியைக் கலியாணத்தன்றும் நான் காணவில்லை. அதே மெசினில் அதே உடுப்போடு வீட்டுக்கு ஓடி வந்தார். எங்களுடைய வண்டிதான் முதலில் வந்து சேர்ந்தது.

சுண்டுவிரலில் மிஞ்சுவது வருடக் கடைசியில் அக்காவுக்கு என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. முதல் வருடம் அதில் ஒரு கூறைநாட்டுச் சேலை வந்தது. அடுத்த வருடம் தையல் மெசின். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கந்தசாமி கோயிலுக்குப் போய், புருசன் விழக்கூடாதென்று கும்பிட்டாள். "பதிவிரதை" என்று ஊர் சொன்னது. சுண்டுவிரல் கணக்கு ஊருக்குத் தெரியாது.

போகப்போக அத்தான் நன்றாகவே ஓடத் தொடங்கினார். கூட ஓடியவர்கள் விழுவார்கள், இவர் விழமாட்டார். அப்படியே முன்னுக்கு வந்து, இரண்டாம் இடத்தில் போய் நின்றார். இரண்டாம் பரிசு மேசை மணிக்கூடு. அடுத்த வருடமும் இரண்டாம் இடம், இன்னொரு மணிக்கூடு. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின. முதலாவதாக வர அவர் முயலாததை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கடைசிச் சுற்றில் முன்னுக்குப் போகிறவரை எட்டிப் பிடிக்கும் தூரம் வந்ததும் தலையைத் தாழ்த்துவதற்குப் பதிலாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏன் அத்தான் விட்டுக் குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புதியவர் வகுப்பிலை வெண்ட ஆள் திருப்பி அதிலை ஓடேலாது, மச்சாள். மேல் வகுப்புக்கு ஏத்திப்போடுவாங்கள். அங்கை இந்த மெசின் காணாது. பெரிய மெசின், பெரிய டயர், பெரிய சுண்டுவிரல். ஒரு கைக்குள்ளை அடங்குமோ? வெண்டால் எனக்கு எல்லாம் முடிஞ்சுது."

அடுத்த வருடம் அது நடந்தது. கடைசிச் சுற்றில் முன்னுக்குப் போன வட்டுக்கோட்டைப் பெடியனின் செயின் கழன்று, அவன் ஓரமாகச் சாய்ந்துவிட்டான். அத்தான் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். முன்னால் வெறும் சுண்ணாம்புக் கோடு. அவர் பிரேக்கைப் பிடித்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். இத்தனை வருடமும் மூலைக்கு மூலை பிடித்துத் தேய்ந்த கட்டை அன்றைக்குப் பிடிக்கவில்லை. காலை நிலத்தில் உரசினார். திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த ஆளைக் கெதியாக வரும்படி கையைக் காட்டினார். சனம் அதை வெற்றிக் களிப்பென்று நினைத்து ஆரவாரம் செய்தது. கோட்டைக் கடந்து, பந்தற்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மாலை போட்டார்கள். தோளில் தூக்கினார்கள். இறங்கியதும் நேரே பிரக்கிராசியாரிடம் போனார்.

"ஐயா, நான் கோட்டை ஒழுங்காத் தாண்டேல்லை."

"வடிவாத் தாண்டினீர். நான் பார்த்தன்."

"வளைவிலை ஒரு பீப்பாவிலை முட்டினனான். அது பிழையெல்லோ?"

"முட்டேல்லை."

"முட்ட நினைச்சனான்."

தான் தோற்றதாகக் கெஞ்சுகிற ஆளைத் தன் தொழிலில் அவர் கண்டதே இல்லை என்று பிரக்கிராசியார் பிறகு பட்டணமெல்லாம் சொல்லித் திரிந்தார். அத்தான் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது அன்றைக்குத்தான்.

அவருடைய துக்கத்தை நாங்கள் ஆற்றுவதற்கிடையில் அப்புவுக்கு வேறு றேஸ் பித்துப் பிடித்துவிட்டது. இத்தனை வருடமும் றேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேளாத மனிதர், சந்தையில் நாலு பேர் "உம்மடை மருமோன் வெண்டாராம்" என்று சொன்னதும் சால்வையை உதறித் தோளில் போடத் தொடங்கினார். புகையிலை விற்ற கையோடு பட்டணத்துக்குப் போனார். பின்னேரம் மாட்டு வண்டிலில், வைக்கோலுக்கு மேல், அந்த ஐந்நூறு சி.சி. யானை வந்து இறங்கியது.

"இனிப் பெரிய வகுப்பு, தம்பி! திறந்த வகுப்பு!"

அத்தான் முற்றத்தில் நின்று அதைப் பார்த்தார். தன்னை அறியாமலே வலது கையை விரித்தார். பிறகு இடது கையையும் விரித்துப் பார்த்தார். இரண்டையும் மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய் அக்காவின் பின்னால் நின்றார்.

ஒரு கிழமை அவர் அந்த மெசின் பக்கமே போகவில்லை. ஒருநாள் வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே அப்புவின் முன்னால் போய் நின்றார். "மாமா, உந்த மெசினைச் சூசை ஓடட்டும். அவன்ரை முதலாளி இரவல் மெசினைப் பறிச்சுப்போட்டார். சும்மா நிக்கிறான்."

"ஆர் உவன்? குருநகர்ப் பெடியனோ? எங்கடை வளவுக்கை வந்து எங்கடை மெசினிலை ஏறுறதோ? ஊர் என்ன சொல்லும்?"

அத்தான் நகரவில்லை. "நான் ஏறினால் விழுவன், மாமா. விழுந்தால் உங்கடை மோள் அறுதலி. அவன் ஏறினால் மெசின் முன்னுக்கு வரும். என்ன வேணும் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

மாமனாரின் முன்னால் அவர் இப்படிக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. அடுப்படியில் அக்கா அகப்பையோடு அப்படியே நின்றாள். அப்பு வெற்றிலையை வெகுநேரம் சப்பினார்.

"ஓடட்டும். ஆனா வளவுக்கை வரப்படாது. படலையிலை நிண்டு எடுத்துக்கொண்டு போகட்டும்."

அதனால் சூசை பழகிப்பார்க்க வரும்போதெல்லாம் அத்தான் அந்த யானையை வியர்க்க விறுவிறுக்கப் படலை வரை தள்ளிக்கொண்டு போவார். பழகி முடிந்ததும் தள்ளிக்கொண்டு வருவார். நாளடைவில் அப்பு வேலியோரம் வந்து நின்று சத்தத்தைக் கேட்கத் தொடங்கினார். பிறகு வேலிக்கு மேலால் புத்தி சொல்லத் தொடங்கினார். ஒருநாள் படலையடியில் செயின் இறுகிவிட்டது. சூசை வெயிலில் குந்தியிருந்து மல்லாடினான். "வெயிலுக்கை வைச்சு என்ன செய்யிறாய்? உள்ளை கொண்டு வா!" என்று அப்பு சத்தம் போட்டார். மெசினைத்தான் சொன்னார். சூசையும் கூட வந்தான். அக்கா நாங்கள் குடிக்கிற மூக்குப்பேணியிலேயே அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அப்பு அதைப் பார்த்தார். பிறகு செயினைப் பார்த்தார்.

பெரிய மெசினின் செலவு அப்புவின் பொறுப்பு. ஆனால் விழுகைக் காசை அத்தான் தன் சம்பளத்திலிருந்து வைத்தார். "சூசைக்கு ரண்டு குஞ்சுகள். இந்த வருசம் மிச்சம் வந்தாலும் வராட்டிலும் உமக்குக் கணக்கில்லை" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தங்கச் சங்கிலி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு நாள் பாத்திரங்களைத் தடாலென்று வைத்தாள். பிறகு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவள், சூசையின் பெயருக்கும் சேர்த்து அருச்சனை செய்வித்தாள். "என்ன நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்க, "வேதக்காரர், எனக்குத் தெரியாது, பொதுவாச் செய்யுங்கோ" என்றாளாம்.

றேஸ் அன்று முற்றவெளியில் கால் வைக்க இடமில்லை. குருநகரே திரண்டு வந்திருந்தது. மலைநாட்டிலிருந்து ஒரு தோட்டத்துரை புத்தம் புதிய மெசினோடு வந்திருந்தார். எங்கள் கூடார வண்டிக்குப் பக்கத்தில் அத்தான் குடையை ஊன்றி நின்றார். சூசைக்கு அவர் சொல்லி அனுப்பிய புத்தி ஒன்றுதான்: "ஆறுதலா ஓடு. உயிரோடை வா."

கொடி விழுந்ததும் புழுதியில் எல்லாம் மறைந்தது. முதல் இரண்டு சுற்றும் சூசை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தான். பிறகு ஒவ்வொருவராகக் கழிந்தார்கள். ஒரு மெசின் புகைத்தது. ஒரு டாக்குத்தர் பீப்பாவுக்குள் போனார். கடைசிச் சுற்றுக்கு வரும்போது துரையும் சூசையும் மட்டும் முன்னால் இருந்தார்கள். துரையின் பின் சில்லுக்கும் சூசையின் முன் சில்லுக்கும் இடையில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வளைவுக்கு அவர்கள் வந்தபோது குடை விழுந்து கிடந்ததை நான் கண்டேன். அத்தானைக் காணவில்லை. பார்த்தால், கயிற்றுக்குக் கீழால் புகுந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், ஓட்டக்கோட்டுக்குப் பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தார். கோச்சிக்குக்கூட ஓடாத மனிதர். தொண்டை நரம்பெல்லாம் புடைத்து நின்றன.

"பிடியாதை! பிரேக்கைப் பிடியாதை, சூசை! விடு! விழுந்தால் நான் பாக்கிறன், நீ விடு!"

சூசைக்கு அது கேட்டதோ இல்லையோ, அவன் பிடிக்கவில்லை. மெசின் நிலத்தில் படுகிற அளவுக்குச் சரிந்தது. அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. சரிந்தபடியே வளைவைச் சுற்றி நிமிர்ந்து, துரைக்குப் பக்கத்தில் போய், இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். துரையின் சில்லு அரைச் சாண் முந்தியது என்று தீர்ப்பாயிற்று. சூசைக்கு இரண்டாம் இடம்.

அப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு பிரக்கிராசியாரோடு சண்டைக்குப் போனார். "சுண்ணாம்புக் கோடு கோணலாக் கிடக்கு! துரையின்ரை பக்கம் கிட்ட, எங்கடை பெடியன்ரை பக்கம் தூர! வந்து அளந்து பாரும்!" என்று சத்தம் போட்டார். எண்ணெயும் புழுதியுமாக நின்ற சூசையைத் தோளில் கை போட்டு இழுத்து வந்து, "இந்தா, எங்கடை பெடியன். இவன்தான் முதல்" என்று எல்லாருக்கும் காட்டினார். அப்புவின் வெள்ளைச் சால்வையில் சூசையின் கை ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மல்லிக் கோப்பி போட்டு அத்தானிடம் கொடுத்தாள். அவருடைய உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. நான் சுடுதண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்:

"என்ன அத்தான், அண்டைக்கு எனக்கு ஆறுதலா இருக்கிறதைப் பற்றிச் சொன்னியள். இண்டைக்கு அங்கை நிண்டு அப்பிடிக் கத்தினியளே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"ஆர், நானோ? பக்கத்திலை நிண்ட ஆராவது கத்தியிருப்பாங்கள். நான் வாயே திறக்கேல்லை" என்றார்.

என்றார் என்றுதான் நினைக்கிறேன். உதடு மட்டும் அசைந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.